16 பிக்சல் கட்டத்துக்குள் ஒரு கிராமம்: கட்டற்ற மென்பொருளில் ஆர்பிஜி படங்கள் வரைதல் – நிகழ்வு ஆய்வு

ஆற்றங்கரையில் ஒரு சிறு கிராமம். அதில் நடமாட ஒரு கதாநாயகி. அவள் பேசும்போது காட்ட ஒரு முகப்படம், உரையாடல் பெட்டி, பையில் வைக்கும் பொருள்களுக்குச் சின்னச் சின்னப் படங்கள். மேலிருந்து பார்க்கும் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக இருந்து ஆடும்) விளையாட்டின் முதல் காட்சிக்கு வேண்டியது இவ்வளவுதான். இவற்றைக் கிம்ப், கிரிட்டா இரண்டிலும் வரைந்து, கோடாட் 4 என்ற விளையாட்டு எஞ்சினில் ஏற்றி ஓடவிடும்போது எது நிற்கிறது, எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதே இந்த ஆய்வு.

கெடுபவற்றில் பெரும்பாலானவை கை வரைந்த தவறுகள் அல்ல. கிம்ப் புகைப்படம் திருத்துவதை மனத்தில் வைத்து வளர்ந்தது. கிரிட்டா ஓவியம் தீட்டுவதை மனத்தில் வைத்து வளர்ந்தது. ஓரத்தை மென்மையாக்குவது, நிறங்களைக் கலப்பது, அளவு மாறினால் இடைநிறங்களை இட்டு நிரப்புவது ஆகிய மூன்றையும் இரண்டும் கேட்காமலே செய்யும். ஓவியத்துக்கு அவை உதவி. ஒவ்வொரு புள்ளியையும் எண்ணி வைக்கும் பிக்சல் படத்துக்கு மூன்றுமே கேடு. அதனால் இந்த வேலையின் பாதி, மென்பொருளின் அந்த உதவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வைப்பதுதான்.

அளவு

அடித்திரை 320×180 பிக்சல். 4 மடங்கில் இது 1280×720 ஆகும். 6 மடங்கில் 1920×1080. 8 மடங்கில் 2560×1440. 12 மடங்கில் 3840×2160. முழு எண் மடங்கில் பெருகும்வரை ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவுச் சதுரமாக நிற்கும். 1366×768 திரையில் கணக்கு ஏறத்தாழ 4.27 மடங்கு என்று உடைகிறது. அப்படியே நீட்டினால் சில பிக்சல் 4 புள்ளி அகலமும் சில 5 புள்ளி அகலமும் ஆகி, கதாநாயகி நடக்கும்போது முகம் நெளியும். அங்கே 4 மடங்கோடு நிறுத்தி, இடவலம் 43 புள்ளியும் மேல்கீழ் 24 புள்ளியும் கறுப்பாக விட்டுவிடுவதே சரி.

தரை டைல் (தரையாகப் பரப்பும் சதுரத் துண்டு) 16×16. கதாபாத்திர ஃபிரேம் (அசைவின் ஒரு நிலைப் படம்) 24×32. நான்கு திசை, திசைக்கு நான்கு ஃபிரேம், ஆக எல்லா ஃபிரேமும் சேர்ந்த ஷீட் 96×128. முகப்படம் 64×64, நான்கு பாவனைகள், ஆக 256×64. தரை, வீடு, மரம் எல்லாம் சேர்ந்த டைல்செட் 256×256, அதாவது 256 அறைகள். பொருள் படங்கள் 16×16. உரையாடல் பெட்டி 24×24 போதும்: நான்கு மூலையும் 8×8, நடுப்பகுதியை எஞ்சின் நீட்டிக்கொள்ளும்.

இந்த எண்களை முதல் கோடு போடும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பாதி வேலையில் டைலை 16இலிருந்து 24ஆக மாற்றினால் அது 1.5 மடங்கு, எந்தப் படமும் தப்பாது, எல்லாம் மறுபடி வரைய வேண்டியதுதான். இன்னொரு வகை ஆசையும் வரும்: "முகம் மட்டும் கொஞ்சம் நுணுக்கமாக இருக்கட்டுமே" என்று அதை 128×128இல் வரைந்து, திரையில் பாதியாகச் சுருக்கிக் காட்டுவது. அப்போது ஒரே திரையில் இரண்டு அளவு பிக்சல்கள் வந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது உடனே தெரியும்.

கோடாட்டை விட்டு ஆர்பிஜி மேக்கர் எம்வி அல்லது எம்இசட் பக்கம் போவதாக இருந்தால் அங்கே டைல் 48×48. 16இல் வரைந்ததைச் சரியாக 3 மடங்கு பெருக்கினால் பொருந்திவிடும். பழைய ஆர்பிஜி மேக்கர் 2000, 2003 இரண்டுக்கும், அவற்றின் விளையாட்டுகளை ஓட்டும் கட்டற்ற ஈஸிஆர்பிஜிக்கும் டைல் 16×16, பாத்திரம் 24×32. ஆகவே இந்த அளவுகள் மூன்று பக்கமும் வாசல் திறந்து வைக்கின்றன.

நிறம்

மொத்தம் 24 நிறங்கள். தரைக்கும் பாத்திரத்துக்கும் முகத்துக்கும் பொது. புல்லுக்கு மட்டும் நான்கு படிகளை ஆர்ஜிபி எண்ணில் பார்க்கலாம்: 38, 70, 62 நிழல், 62, 112, 60 அடிநிறம், 112, 158, 66 வெளிச்சம், 176, 200, 90 நுனி. ஒரே பச்சையில் கறுப்பையும் வெள்ளையையும் கூட்டிப் பெற்ற படிகள் அல்ல இவை. நிழலில் நீலம் சிவப்பைவிடக் கூடுகிறது. வெளிச்சத்தில் சிவப்பு ஏறி மஞ்சள் பக்கம் சாய்கிறது. பச்சையில் வெறுமனே கறுப்பைக் கூட்டிய நிழல் சேறு பூசியதுபோல இருக்கும். 16 பிக்சலில் வடிவத்தைச் சொல்ல நிறத்தைத் தவிர வேறு கருவி அதிகம் இல்லாததால், இந்தச் சாய்வு மிகவும் உதவுகிறது.

மிகக் கருமையான நிறமான 34, 28, 44ஐயும் மிக வெளிறிய நிறத்தையும் தரைக்குத் தருவதில்லை. அவை பாத்திரங்களுக்கும் கையில் எடுக்கக்கூடிய பொருள்களுக்கும் மட்டும். தரை நடுத்தர வெளிச்சத்துக்குள் அடங்கி நின்றால்தான் கதாநாயகி எந்த டைல் மீது நின்றாலும் கண்ணில் படுவாள். இதைச் சோதிக்கக் கிம்ப்பில் எளிய வழி உண்டு: எல்லா லேயருக்கும் மேலே சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் மோடை எல்சிஎச் கலர் ஆக்குங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அந்தக் கறுப்புவெள்ளையில் பாத்திரம் புல்லோடு கரைந்தால், வண்ணத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேலட் (நிறத்தொகுப்பு) தவறு.

பேலட்டைக் கிம்ப்பின் ஜிபிஎல் கோப்பாகச் சேமிக்கலாம். அது வெறும் உரைக்கோப்பு: தலைப்பு வரி, பெயர், பிறகு வரிக்கு ஒரு நிறமாக மூன்று எண்கள். கிரிட்டாவும் அதையே படிக்கும் என்பதால் இரண்டு மென்பொருளுக்கும் ஒரே கோப்பு போதும்.

கிம்ப்பை அடக்குதல்

பெயின்ட்பிரஷ் வேண்டாம், பென்சில். பென்சில் கருவி ஓரத்தை மென்மையாக்காது. பிரஷ் அளவு 1. அழிப்பானில் ஹார்ட் எட்ஜ் தேர்வைப் போட வேண்டும். இல்லையென்றால் அழித்த இடத்தின் ஓரத்தில் அரைகுறை ஒளிபுகும் பிக்சல்கள் மிச்சமிருக்கும். பக்கெட் ஃபில், ஃபஸி செலக்ட் இரண்டிலும் ஆன்டிஅலையாசிங்கை (ஓரத்தை மென்மையாக்குவதை) எடுத்துவிட்டு த்ரெஷோல்டை 0 ஆக்க வேண்டும். அது வழக்கமாக 15இல் நிற்கும். பக்கத்துப் பக்கத்து நிழல்களை ஒரே நிறம் என்று விழுங்கிவிடும். அளவு மாற்றும்போது இன்டர்பொலேஷன் (இடைநிறம் நிரப்புவது) நன், அதாவது எதுவும் வேண்டாம். இதை ஒவ்வொரு முறையும் மாற்றாமல், பிரெஃபரன்சஸில் டூல் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே ஒருமுறை மாற்றிவிடலாம்.

இமேஜ் மெனுவில் கன்ஃபிகர் கிரிட்டில் இடைவெளியை 16 என்று போட்டு, வியூ மெனுவில் கிரிட்டைக் காட்டி, ஸ்னாப்பையும் போட்டுக்கொண்டால் டைல்கள் ஒரு பிக்சல் தள்ளி ஒட்டும் விபத்து நடக்காது. பாத்திர ஷீட்டுக்கு அதே கிரிட் 24×32.

இத்தனை செய்தும் ஏதோ ஒரு கருவி வழியே கலப்பட நிறம் நுழையும். பெரும்பாலும் சுழற்றும் கருவி. அதைப் பிடிக்கும் முறை: படத்தின் நகல் ஒன்றை எடுத்து, அடியில் 255, 0, 255 மெஜந்தா லேயர் வைத்துத் தட்டையாக்கி, கலர்ஸ் மெனுவில் இன்ஃபோ, கலர்கியூப் அனாலிசிஸ். கதாநாயகி ஷீட்டில் 9 நிறங்கள் என்றால் இங்கே 10 காட்ட வேண்டும், மெஜந்தாவையும் சேர்த்து. 10க்கு மேல் வந்தால் கலப்படம் இருக்கிறது. அரைகுறை ஒளிபுகும் பிக்சல்கள் மெஜந்தாவோடு கலந்து ஊதாப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும். வெள்ளைப் பின்னணியில் வரைந்துகொண்டிருக்கும்போது இந்தப் பிக்சல்கள் தெரியவே தெரியாது. இருட்டான காட்டில் பாத்திரம் நிற்கும்போதுதான் அதைச் சுற்றி வெளிறிய வளையமாக எழும்பி நிற்கும்.

இந்த எண்ணிக்கையை இன்டெக்ஸ்டு மோடுக்கு (பேலட்டில் உள்ள நிறங்களை மட்டும் ஏற்கும் முறைக்கு) மாற்றும் முன்பே எடுக்க வேண்டும். இன்டெக்ஸ்டு ஆக்கினால் தவறான நிறங்களெல்லாம் பேலட்டில் அருகில் உள்ள நிறத்துக்குத் தாவிவிடும். எண்ணிக்கை சரியாக வரும், படம் மட்டும் ஆங்காங்கே அழுக்காக இருக்கும். காரணம் தேட வழியே இருக்காது.

தரை: எட்டு வரைந்தால் பதினான்கு

புல் டைல் எளிது என்று தோன்றும். முதல் வரைவில் 16×16க்குள் ஒரு மஞ்சள் பூ வைத்தால் அழகாகத்தான் இருக்கும். திரையில் குறுக்கே 20 டைல், மேலிருந்து கீழே 11 முழு வரிசை. 220 பூக்கள் அணிவகுத்து நிற்கும். கண் புல்லைப் பார்க்காது, கட்டத்தைப் பார்க்கும். அடிப்படைப் புல்லில் தனித்துத் தெரியும் எதுவும் இருக்கக் கூடாது: அடிநிறத்தின் மேல் ஐந்தாறு நிழல் பிக்சல்கள், மூன்று நான்கு வெளிச்சப் பிக்சல்கள், அவ்வளவே. பூவையும் கல்லையும் தனி டைல்களாக வரைந்து, கோடாட்டின் டைல்செட்டில் அவற்றின் ப்ராபபிலிட்டியை மிகக் குறைத்து வைத்தால் எப்போதாவது ஒன்று விழும்.

விளிம்பு ஒட்டுகிறதா என்று பார்க்கக் கிரிட்டாவின் ராப் அரவுண்ட் மோடுக்கு இணை இல்லை. டபிள்யூ விசையை அழுத்தினால் டைல் நாலாபுறமும் திரும்பத் திரும்பத் தெரியும். வலது விளிம்பைத் தாண்டி இழுத்த கோடு இடது விளிம்பில் தொடரும். கிம்ப்பில் ஆஃப்செட்டை 8, 8 என்று கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் செய்தால் விளிம்புகள் நடுவுக்கு வந்து நிற்கும், அங்கே சரிசெய்யலாம். முடித்ததும் மறுபடி 8, 8 நகர்த்தி இடத்தில் வைக்க மறக்கக் கூடாது.

புல்லும் மண்பாதையும் சந்திக்கும் இடம்தான் உண்மையான வேலை. ஒரு டைலின் நான்கு மூலையில் ஒவ்வொன்றும் புல்லாகவோ மண்ணாகவோ இருக்கலாம். ஆக 16 சேர்க்கைகள். முழுப் புல், முழு மண் இரண்டையும் கழித்தால் 14 மாறுதல் டைல்கள்: ஒரு மூலை மட்டும் புல் 4, இரண்டு மூலையுள்ள நேர்விளிம்பு 4, மூன்று மூலை 4, எதிரெதிர் மூலை 2. ஒன்றை வரைந்து சுழற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வெளிச்சம் கெடும். புல் மண்ணைவிடச் சற்று மேடு. பாதையின் வடக்கு ஓரத்தில் புல்லின் வெட்டுமுகம் தெரிந்து மண்ணில் நிழல் விழும், தெற்கு ஓரத்தில் விழாது. சுழற்றினால் நிழல் பக்கவாட்டிலும் தெற்கிலும் போய் உட்கார்ந்து, பாதை ஒரு பக்கம் பள்ளமாகவும் ஒரு பக்கம் மேடாகவும் தெரியும். இடவலம் புரட்டுவது மட்டும் பாதுகாப்பு. அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு மூலைக்கு 2, மூன்று மூலைக்கு 2, விளிம்புக்கு 3, எதிரெதிருக்கு 1. எட்டு வரைந்தால் பதினான்கும் கிடைத்துவிடும்.

இந்தப் பதினான்குக்கும் ஒரே விதி: புல்லும் மண்ணும் மாறும் கோடு டைலின் ஓரத்தைத் தொடும் இடம் எப்போதும் 8ஆம் பிக்சலுக்கும் 9ஆம் பிக்சலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டைலுக்குள்ளே கோடு எப்படி வேண்டுமானாலும் வளைந்து நெளியட்டும். ஓரத்தைத் தொடும்போது 8-9க்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு டைலில் 7, அடுத்ததில் 9 என்று போனால் பாதை நெடுக இரண்டு பிக்சல் பல் விழும். டைலைத் தனியே பார்க்கும்போது இது தெரியாது. அதனால் கிம்ப்பிலேயே 80×64 கோப்பு ஒன்றில் ஐந்துக்கு நான்கு டைல் பரப்பி, ஒரு வளைந்த பாதையும் ஒரு தனிப் புல்திட்டும் வரும்படி ஒட்டிப் பார்ப்பது நல்லது. கோடாட்டில் இதற்கான டெரெய்ன் (டைல்களைத் தானாகப் பொருத்தும் வசதி) வகை மேட்ச் கார்னர்ஸ். மூலையோடு பக்கத்தையும் பொருத்தும் வகையை எடுத்தால் 47 டைல் வேண்டும். பாதைக்கும் ஆற்றங்கரைக்கும் அந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஒரு டைல் அகலமே உள்ள வேலி, மதில் போன்றவற்றுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஆற்று நீருக்கு நான்கு ஃபிரேம். அலைக்கோடுகளை ஆஃப்செட் வைத்து ஃபிரேமுக்கு 4 பிக்சல் நகர்த்தினால் நான்கு ஃபிரேமில் 16 ஆகி, முதல் ஃபிரேமோடு சரியாக இணையும். 3 பிக்சல் என்றால் 12இல் நின்று, சுற்று முடியும்போதெல்லாம் ஆறு 4 பிக்சல் துள்ளும்.

நடை

24×32 ஃபிரேமின் உட்பிரிவு, மேலிருந்து வரிசை எண்ணில்: 1 முதல் 4 வரை காலி, 5 முதல் 15 வரை தலை, 16 முதல் 24 வரை உடல், 25 முதல் 31 வரை கால், 32ஆம் வரிசை காலி. மொத்த உயரம் 27இல் தலைக்கு 11 என்பது மனித விகிதமே அல்ல. ஆனால் முகம் தெரிய வேண்டுமானால் கண்ணுக்கு இடம் வேண்டும். இந்த அளவில் ஒரு கண்ணுக்கு 2×3 பிக்சல்தான் கிடைக்கிறது.

உடல் அகலம் இரட்டை எண்ணாக இருக்கட்டும்: 16 என்றால் இடவலம் 4 பிக்சல் கை வீச மிஞ்சும். 15 அகலத்தில் வரைந்தால் 24 அகல ஃபிரேமில் நடுவில் வைக்க வழியில்லை; ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5. வலதுபக்க நடையை எஞ்சினில் புரட்டி இடதுபக்கமாகப் பயன்படுத்தும்போது அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பிக்சல் பக்கவாட்டில் குதிப்பாள். நிரலில் பிழை என்று தேடிக்கொண்டே இருக்கலாம். பிழை படத்தில் இருக்கும். புரட்டுவதாக இருந்தால் வெளிச்சமும் நேர் மேலிருந்து வர வேண்டும். இடது மேல் மூலை வெளிச்சம் புரட்டினால் வலது மேல் ஆகிவிடும், இடது கையில் இருந்த வாளும் வலது கைக்குப் போய்விடும்.

நான்கு ஃபிரேம்: கால் விரிந்த நிலை, கால் கடக்கும் நிலை, மறுகால் விரிந்த நிலை, மறுபடி கடக்கும் நிலை. கடக்கும்போது ஒரு கால் உடலுக்கு நேர் கீழே நிமிர்ந்து நிற்பதால் உடல் உயரும். ஆகவே அந்த ஃபிரேமில் தலையும் உடலும் மட்டும் 1 பிக்சல் மேலே: தலை 4 முதல் 14 வரை. பாதம் 31ஆம் வரிசையிலேயே ஊன்றி நிற்க வேண்டும். இங்கே வரும் வழக்கமான தவறு, ஃபிரேமையே முழுதாக ஒரு பிக்சல் தூக்கிவிடுவது. அப்போது அவள் நடக்கமாட்டாள், தத்துவாள். தலை, உடல், கால் மூன்றும் தனித்தனி லேயராக இருந்தால் இது நேராது. கிம்ப் 2.10இல் தலை, உடல் லேயர்களைச் சங்கிலிக் குறியால் இணைத்துச் சேர்த்து நகர்த்தலாம். 2025 மார்ச்சில் வந்த 3.0இல் பல லேயர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தே நகர்த்தலாம்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 60 பிக்சல் நடந்தால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் சரியாக 1 பிக்சல். நகர்வு வழுவழுப்பாக இருக்கும். 48 என்று வைத்தால் 0.8 பிக்சல், ஐந்து புதுப்பிப்பில் நான்கில் நகர்ந்து ஒன்றில் நின்று, திக்கித் திக்கிப் போவதுபோல இருக்கும். நடைப்படத்தை விநாடிக்கு 8 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு சுற்று அரை விநாடி. அதற்குள் அவள் 30 பிக்சல் கடக்கிறாள். பக்கவாட்டு நடையில் இரண்டு பாதங்களுக்கு இடையே 8 பிக்சல்தான் விரிக்க முடியும் என்பதால் பாதம் சற்று வழுக்கத்தான் செய்யும். 10 ஃபிரேமுக்கு ஏற்றினால் வழுக்கல் குறையும், 12ஐத் தாண்டினால் பதற்றமாக ஓடுவதுபோல ஆகும். 10இல் நிறுத்துவது பொருத்தம்.

ஷீட்டில் திசைகளின் வரிசை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆர்பிஜி மேக்கர் எம்வியில் கீழ், இடம், வலம், மேல் என்று நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று பத்தி. நடுப்பத்தி நின்ற நிலை. அங்கே ஒரே பாத்திரமுள்ள கோப்பின் பெயர் $ குறியோடு தொடங்க வேண்டும். விட்டால் எட்டுப் பாத்திரங்கள் உள்ள ஷீட் என்று எண்ணித் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் கிடைக்கும் எல்பிசி (லிபரேட்டட் பிக்சல் கப்) தொகுப்பின் பாத்திரங்கள் மேல், இடம், கீழ், வலம் என்று வரும். 64×64 ஃபிரேம், நடைக்கு 9 பத்தி. இரண்டையும் கலந்தால் கீழே போகச் சொன்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு போவாள்.

முகம்

முதலில் கிரிட்டாவில் 512×512இல் நிதானமாக ஒரு முகம் வரைந்து, அதை 64×64க்குச் சுருக்குவது எல்லோரும் முயலும் வழி. எட்டில் ஒன்றாகச் சுருங்கும்போது 8×8 பிக்சல்களின் சராசரி ஒரு பிக்சலாகிறது: கண்ணின் வெள்ளையும் இமையின் கருமையும் கலந்து சாம்பல், உதட்டுக்கோடு மங்கல், நூற்றுக்கணக்கில் இடைநிறங்கள். கிரிட்டாவின் பேலட்டைஸ் ஃபில்டரால் நிறங்களை 24க்குள் அடக்கலாம். ஆனால் எந்தப் பிக்சல் எந்த நிறமாக வேண்டும் என்ற முடிவை அது எடுக்க முடியாது; கன்னத்தில் தேமல் விழும்.

பயன்படும் வழி: சுருக்கிய படத்தை 40 சதவீதம் மங்கலான லேயராக அடியில் வைத்து, மேலே பிக்சல் ஆர்ட் பிரஷ்ஷால் புதிதாக வரைவது. சுருங்கிய படம் முகத்தின் கோணத்தையும் கண்ணின் இடத்தையும் சொல்லும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. இந்த அளவில் ஒரு கண் 7×4 பிக்சல்; மேலிமை 34, 28, 44 கருமையில் ஒரு முழுக்கோடு, கீழிமைக்குக் கோடே வேண்டாம், விழியில் ஒரே ஒரு வெளிச்சப் பிக்சல். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் முகத்தில் உயிர் போய்விடும்; இரண்டாக்கினால் அழுவதுபோல ஆகும். நான்கு பாவனைகளுக்கும் மாறுவது புருவம், இமை, வாய் மட்டும். அவற்றைத் தனி லேயர் குழுக்களாக வைத்து, முகத்தை ஒரே லேயராக விட்டால் உரையாடலின் நடுவில் பாவனை மாறும்போது தாடை நகராது.

கிரிட்டாவில் புதுக்கோப்பு திறக்கும்போது 8 பிட், எஸ்ஆர்ஜிபி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். லீனியர் அல்லது 16 பிட் கோப்பில் வரைந்து பிறகு மாற்றினால் நிற எண்கள் ஒன்றிரண்டு நகரக்கூடும். கண்ணுக்குத் தெரியாது. பேலட்டை வைத்து உடைநிறம் மாற்றும் ஷேடர் (திரையில் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) எண்ணைத்தான் பார்க்கும். ஒரு எண் தள்ளினாலும் அந்தப் பிக்சல் மாறாமல் நின்றுவிடும். அந்தக் கோப்பைக் கிம்ப்பில் திறக்கும்போது கலர் ப்ரொஃபைல் பற்றிக் கேட்டால் கீப் கொடுப்பது அதே காரணத்துக்காகத்தான்.

ஏற்றுமதியும் எஞ்சினும்

மூலக்கோப்பு எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) அல்லது கேஆர்ஏ (கிரிட்டா) ஆகவே இருக்கட்டும். எஞ்சினுக்குப் போவது பிஎன்ஜி. ஜேபெக் எந்தக் கட்டத்திலும் கூடாது. அது 8×8 தொகுதிகளாகப் படத்தை நசுக்குவதால் ஓரங்களைச் சுற்றித் தூசி படியும், ஒளிபுகும் பகுதியும் போய்விடும். ஷீட்டை மெசேஜ் செயலி வழியே படமாக அனுப்பினாலும் இதே கதிதான். கோப்பாக அனுப்ப வேண்டும்.

இன்டெக்ஸ்டு பிஎன்ஜி கட்டாயமா என்றால், கோடாட்டுக்கு இல்லை. அது உள்ளே வாங்கும்போதே முழுநிறமாக விரித்துக்கொள்ளும். ஆர்பிஜி மேக்கர் 2000, 2003க்கு வேண்டும். அங்கே பேலட்டின் முதல் நிறம்தான் ஒளிபுகும் நிறம். கிம்ப்பில் கஸ்டம் பேலட்டைத் தேர்ந்தெடுத்து, டிதரிங்கை (புள்ளிகளைக் கலந்து இடைநிறம் காட்டுவதை) நன் ஆக்கி, பயன்படாத நிறங்களை நீக்கும் தேர்வை எடுத்துவிட வேண்டும். அது போட்டபடி இருந்தால் ஒவ்வொரு கோப்பிலும் நிறங்களின் வரிசை வேறாகிவிடும்.

கிரிட்டாவில் தனித்தனி ஃபிரேமாக எடுத்த படங்களை ஷீட்டாக அடுக்க இமேஜ்மேஜிக்கின் மாண்டேஜ் கட்டளை கைகொடுக்கும். ஜியோமெட்ரியை 24×32+0+0 என்று நாமே சொல்ல வேண்டும், பின்னணியை நன் என்று வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் படங்களுக்கிடையே தானாக இடைவெளி விட்டு அடுக்கும். ஷீட் 96×128 வராது.

கோடாட்டில் மாற்ற வேண்டியவை நான்கு. டெக்ஸ்சர் ஃபில்டரை லீனியரிலிருந்து நியரஸ்ட் ஆக்குவது. மறந்தால் எல்லாம் நீரில் நனைந்ததுபோல மங்கும். ஸ்ட்ரெச் மோடை வியூபோர்ட் ஆக்குவது. 4.2 முதல் உள்ள இன்டிஜர் ஸ்கேல் மோடைப் போடுவது. 2டி டிரான்ஸ்ஃபார்மைப் பிக்சலுக்கு ஸ்னாப் செய்வது. டைல்களுக்கிடையே மெல்லிய கோடு மின்னுகிற பிரச்சினைக்கு, டைல்செட்டின் டெக்ஸ்சர் பேடிங் வழக்கமாகவே போட்டிருக்கும். அதை அணைக்காமல் இருந்தால் போதும். டைல்டு மென்பொருளில் வரைபடம் அடுக்கி வேறு எஞ்சினுக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்தப் பாதுகாப்பை டைல்செட்டிலேயே கட்ட வேண்டும்: ஒவ்வொரு டைலின் ஓரப் பிக்சலையும் ஒரு பிக்சல் வெளியே நீட்டி 18×18 ஆக்கி, மார்ஜின் 1, ஸ்பேசிங் 2 என்று கொடுப்பது. 256×256 ஷீட் அப்போது 288×288 ஆகும்.

கோப்புப் பெயர்களில் சிறிய எழுத்து, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸும் ஆண்ட்ராய்டும் பார்க்காது. வரைந்த கணினியில் ஓடிய விளையாட்டு, போனில் மரங்களே இல்லாமல் திறப்பது இதனால்தான்.

பிறர் வரைந்த டைல்களைச் சேர்க்கும்போது

கிம்ப் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் (பேலட் கோப்பின் ஜிபிஎல் வேறு) இருப்பதால் அதில் வரைந்த படமும் ஜிபிஎல் ஆகிவிடுமோ என்ற சந்தேகம் அடிக்கடி எழுகிறது. ஆகாது, படம் வரைந்தவருடையது. ஆனால் ஓப்பன்கேம்ஆர்ட் போன்ற இடங்களிலிருந்து எடுக்கும் டைல்களுக்கு அவற்றின் உரிமம் தொடர்ந்து வரும். 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியிலிருந்து வளர்ந்த எல்பிசி தொகுப்பின் அடிப்படை, கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 3.0 மற்றும் ஜிபிஎல் 3.0. அதைத் திருத்தி வரைந்த மரத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், வரைந்தவர் பெயரையும் போட வேண்டும். வரைந்தவர் உரிமையை விட்டுக்கொடுத்த சிசி0 படத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கோப்பை இறக்கும் அதே நேரத்தில் படத்தின் பெயர், வரைந்தவர், உரிமம், செய்த மாற்றம் நான்கையும் ஒரு உரைக்கோப்பில் எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்தப் புதர் யாருடையது என்று தேட முடியாது. எல்பிசி டைல் 32×32 என்பதால் நம் 16க்குப் பாதியாகச் சுருக்கிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். முகத்துக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

கடைசியாக மிஞ்சிய குறை

எல்லாம் சரிசெய்த பிறகும் மூலைவாட்டாக நடக்கும்போது ஒரு நடுக்கம் இருக்கும். விநாடிக்கு 60 பிக்சல் வேகத்தை இரண்டு திசைக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 42.4, அதாவது ஒரு புதுப்பிப்புக்கு 0.7 பிக்சல். கிடைமட்ட இடமும் செங்குத்து இடமும் வெவ்வேறு பின்னத்தில் தொடங்கியிருந்தால், ஒன்று நகரும் தருணத்தில் மற்றது நிற்கும். அவள் படிக்கட்டு ஏறுவதுபோல அதிர்வாள். படத்தில் இதற்கு மருந்தில்லை. மூலைவாட்டில் நடக்கத் தொடங்கும் கணத்தில் இரண்டு இடத்தையும் முழு எண்ணுக்குத் திருத்தி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நகரும், அதிர்வு போய்விடும். கேமராவும் அவளோடு அதே முழு எண்ணில் நகர வேண்டும். கேமரா மட்டும் தனியே மென்மையாகப் பின்தொடர்ந்தால், அவள் நிலையாக நிற்க, கிராமம் முழுவதும் நடுங்கும்.